சந்தா 2,400, காற்று இலவசம்

எங்கள் சைக்கிள் கிளப்பில் இந்த வருடச் சந்தா 2,400 ரூபாய். போன வருடம் 1,500. அதற்கு முந்தி 1,000. ஆரம்பித்த காலத்தில் 300 ரூபாய் வாங்கினார்கள்; அதையும் சிலர் இரண்டு தவணையாகக் கொடுத்தார்கள், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. புதுத் தொகையை வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட இரவு ஏழெட்டுப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். சிலர் சத்தமில்லாமல் குரூப்பை விட்டே போய்விட்டார்கள். காலையில் யாரோ ஒருவர் பூப்போட்ட குட்மார்னிங் படம் அனுப்பியதும் பேச்சு அதோடு அமுங்கிவிட்டது.

எனக்குத்தான் அமுங்கவில்லை. 2,400 பெரிய பணமா என்றால், என்னைப் போன்ற மாதச் சம்பளக்காரனுக்கு இல்லை. குடும்பத்தோடு மதுரைக்குப் போய் ஒரு துணிக்கடைக்குள் நுழைந்தால் அரை மணி நேரத்தில் கரைகிற தொகைதான். ஆனால் "ரோடு கவர்மென்ட் போட்டது, மிதிக்கிறது நீங்க, சைக்கிளும் நம்ம காசு. அப்புறம் அவங்களுக்கு எதுக்குப் பணம்?" என்று வீட்டில் கேட்டார்கள். சின்ன வயதில் வாடகை சைக்கிள் கடையில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து எடுத்து ஓட்டியவர்கள்தானே நாம். அந்தக் கடைக்காரர் யாருக்கும் சட்டை தைத்துக் கொடுத்ததில்லை, மெடல் மாட்டிவிட்டதில்லை. ஆகவே வீட்டில் கேட்டது நியாயமான கேள்விதான்.

நேர்மையாகச் சொன்னால், இந்த ராமநாதபுரம் கடற்கரையில் கிளப் வேண்டும். வேறு ஊரில் எப்படியோ, இங்கே தனியாக நீண்ட தூரம் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

முதலில் காற்று. மலை ஊர்க்காரர்களுக்கு ஏற்றம் எப்படியோ, எங்களுக்குக் காற்று அப்படி. மூச்சு வாங்கும்படியான மேடு என்று எங்கள் பக்கம் தேடினால் பாம்பன் ரோட்டுப் பாலம் ஒன்றுதான் கிடைக்கும். 1988இல் திறந்தது, இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், நடுவில் உயர்ந்து இறங்கும். மற்றபடி தொண்டியிலிருந்து சாயல்குடி வரை தரை சமம். அதனாலேயே காற்றைத் தடுக்க ஒன்றும் இல்லை. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தெற்கிலும் தென்மேற்கிலும் இருந்து அடிக்கிற காற்று, ராமநாதபுரத்திலிருந்து கிழக்கே போகிறவனைத் தள்ளிக்கொண்டு போகும். உச்சிப்புளி தாண்டும்போது மீட்டர் 32, 33 என்று காட்டும். கால் வலுத்துவிட்டது போலிருக்கிறது என்று மனசுக்குள் ஒரு பெருமை வரும். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை போய் ராமநாதபுரம் திரும்ப ஏறத்தாழ 150 கிலோமீட்டர். திரும்புகிற பாதியில் அதே மீட்டர் 14ஐத் தாண்டாது. மண்டபத்துக்கு வரும்போதே பாதிப் பேருக்குத் தொடை பிடித்துக்கொள்ளும். மழைக்காலம் முடிந்து வாடைக்காற்று வரும் மாதங்களில் இது அப்படியே தலைகீழ்: போகும்போது அழுகை, வரும்போது சிரிப்பு. புதிதாக வருகிறவர்களை நான் அந்தப் பருவத்தில் வரச் சொல்வேன். வீடு நோக்கித் தள்ளுகிற காற்றுதான் நல்ல காற்று.

இரண்டாவது, நிழல். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் ரோடு 2017இல் திறந்தார்கள். அதற்கு முன் அங்கே வேனிலும் ஜீப்பிலும் மணலில் குலுங்கிக்கொண்டுதான் போக வேண்டும். ரோடு அருமையான ரோடு. இரண்டு பக்கமும் கடல், ஒரு பக்கம் அலை, ஒரு பக்கம் அமைதி, படம் பிடிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் ஒதுங்க மரம் இல்லை, பஞ்சர் கடை இல்லை. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு பழைய தனுஷ்கோடி ஊரில் மிஞ்சியது இடிந்த சுவர்கள்தான். சங்கும் பாசியும் விற்கிற கடைகளும் மீனவர் குடிசைகளும் இருக்கின்றன, அவ்வளவே. அங்கே காலை பத்தரைக்கு டயர் உட்கார்ந்தால் ராமேஸ்வரம் வரை உருட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

மூன்றாவது, சீமைக் கருவேல முள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கிளப்பிலிருந்து எனக்குக் கிடைத்தவற்றில் ரொம்ப உருப்படியானது இதுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருப்புல்லாணிப் பக்கம் இரண்டு ஓரமும் கருவேலம். விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டிக்கொண்டு போகிற வண்டியிலிருந்து கிளை விழும், வேறு வண்டிகள் அதை நசுக்கும், முள் ரோடெல்லாம் சிதறும். ஆணி குத்தினால் தெரியும், பிடுங்கிவிடலாம். இந்த முள் குத்தினால் வெளியே ஒன்றுமே தெரியாது. ரப்பருக்குள் ஒடிந்து ஒரு கரும்புள்ளியாக நிற்கும். ட்யூபை மாற்றி, வியர்க்க விறுவிறுக்கக் காற்றடித்து, இரண்டு கிலோமீட்டர் போனால் மறுபடி 'புஸ்'. நுனி இன்னும் டயருக்குள்ளேயே இருக்கிறது என்பது அப்போதுதான் உறைக்கும். நான் ஒருமுறை ரோட்டோரம் உட்கார்ந்து டயர் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தபோது, கீழக்கரையிலிருந்து வருகிற மூத்த உறுப்பினர் ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்; எங்கள் எல்லோருக்கும் அவர் காக்காதான். "டயரைத் திட்டாதீங்க தம்பி, தடவிப் பாருங்க" என்றார். டயரின் உள்பக்கத்தைப் புரட்டி, விரல் நுனியை மெல்ல ஓட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. சாவிக்கொத்தில் தொங்கிய பழைய முள்வாங்கியை எடுத்து, அரிசி நுனி அளவு ஒன்றைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். அதற்குப் பிறகும் விடாமல் முழு வட்டமும் தடவினார், இன்னும் இரண்டு கிடைத்தன. அன்று முதல் என் சாவிக்கொத்திலும் ஒரு முள்வாங்கி தொங்குகிறது. யூடியூபில் பஞ்சர் ஒட்டச் சொல்லித் தருகிறவர்கள் யாரும் திருப்புல்லாணி ரோட்டில் ஓட்டியவர்கள் இல்லை.

கடைசியாக உப்பு. தனுஷ்கோடி போய்வந்த சைக்கிளை அப்படியே நிறுத்தினால் இரண்டே நாளில் செயினில் செம்பழுப்பு ஏறிவிடும். நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். எங்கள் பக்கம் நல்ல தண்ணீர் என்றால் காசு. போர் தண்ணீர் உப்பு. அதில் கழுவினால் கழுவாமலே விட்டிருக்கலாம். குழாயில் எப்போதாவது வருகிற காவிரித் தண்ணீரைப் பிடித்துச் சைக்கிளுக்கு ஊற்றினால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை எழுதத் தேவையில்லை. குடிக்க விலைக்கு வாங்குகிற தண்ணீரைச் செயினுக்கு ஊற்றவும் மனசு வராது.

இதையெல்லாம் தனியாளாகச் சமாளிக்க முடியாது என்பதால்தான் கிளப். பின்னாலேயே ஒரு குட்டியானை வரும். அதில் தண்ணீர் கேன், காற்றடிக்கிற பம்பு, உதிரி ட்யூப், முதலுதவிப் பெட்டி, முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள இடம். கிளப் வாசலில் ஒரு நீல டிரம், டேங்கர் தண்ணீர் வாங்கி ஊற்றி வைப்பார்கள், வந்ததும் கழுவிக்கொள்ளலாம். பாம்பன் பாலத்தில் அந்த வண்டிக்கு இன்னொரு வேலையும் உண்டு. பாலத்தில் காரை நிறுத்தி வேடிக்கை பார்க்கிற வழக்கம் எப்போதும் இருந்ததுதான். 2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் திறந்தபிறகு, அந்தத் தூக்குப் பகுதியைப் படம் பிடிக்க இன்னும் கூடுதலாக நிறுத்துகிறார்கள். கார்க் கதவு எந்த நொடி திறக்கும் என்று தெரியாது. நாலு விளக்கும் மினுக்கிக்கொண்டு குட்டியானை பின்னால் வந்தால் மற்ற வண்டிகள் கொஞ்சம் விலகும்.

300 ரூபாய்க்கு இத்தனையும் கிடைத்தது. வண்டி வைத்திருந்த உறுப்பினர் டீசல் மட்டும் வாங்கிக்கொண்டார். அவர் ஊர் மாறிப் போனபிறகு வாடகைக்கு எடுக்க வேண்டியதாயிற்று, சந்தா 1,000 ஆனது. அதில் எனக்குப் புகாரே இல்லை.

இந்த வருடம்தான் கணக்கு இடிக்கிறது. எங்கள் கிளப் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி பதிவு செய்தது. அப்படிப் பதிந்த சங்கம் வருடாவருடம் பொதுக்குழு கூட்டி வரவு செலவை வைக்க வேண்டும், பதிவாளருக்கும் அனுப்ப வேண்டும். ஆகவே கணக்கு என்று ஒன்று கட்டாயம் இருக்கும். வடை சாப்பிடுகிற அவசரத்தில் யாரும் அதைப் புரட்டுவதில்லை. நான் பொருளாளரிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கணக்கைச் சுத்தமாக எழுதுகிறவர். சிவப்பு மையில் கோடு போட்ட நோட்டு, ஒவ்வொரு வவுச்சருக்கும் எண். ஒரு ரூபாய் தப்பில்லை. தலைக்கு 2,400இல் ஜெர்சிக்கு 750. ஆண்டு விழா, மெடல், ஃப்ளெக்ஸ், ட்ரோன் வீடியோ எல்லாம் சேர்த்து 650. இன்சூரன்ஸ் 350. அலுவலக வாடகையும் இதரச் செலவும் 350. வண்டிக்கு 300.

போன வருடம் 1,500இல் வண்டிக்கு மட்டும் 700 போயிருந்தது. இப்போது வண்டி ஆண்டு விழாச் சவாரிக்கும் சுதந்திர தினச் சவாரிக்கும் மட்டும்தான். வாசலில் இருந்த டிரம் போய்விட்டது. அந்த இடத்தில் கிளப் பெயர் எழுதிய செல்ஃபி பலகை நிற்கிறது. அதாவது 900 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோம், வண்டியும் தண்ணீரும் குறைகின்றன. இதை விலைவாசி ஏற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சைக்கிளுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியே 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது.

ஜெர்சி நல்ல ஜெர்சிதான். திருப்பூரில் தைத்தது, வியர்வை ஒட்டாது. என் பீரோவில் ஏற்கெனவே நாலு இருக்கிறது. ஜெர்சி கடையில் கிடைக்கும், மெடலும் கடையில் கிடைக்கும். அரிச்சல்முனையில் பத்தரை மணி வெயிலில் ஒரு வண்டி எந்தக் கடையில் கிடைக்கும்?

இன்சூரன்ஸ் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது தெரிவதில்லை. வங்கிக் கணக்கு இருக்கிற 18 முதல் 70 வயது வரையுள்ளவர்கள் பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனாவில் சேரலாம். வருடத்துக்கு 20 ரூபாய், 2022 ஜூனுக்கு முன் 12 ரூபாயாக இருந்தது. விபத்தில் உயிர் போனாலோ முழு ஊனம் ஆனாலோ 2 லட்சம், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். ஆஸ்பத்திரிச் செலவு கிடையாது. கிளப் எடுத்திருக்கும் 350 ரூபாய்ப் பாலிசியை வாங்கிப் படித்தேன்: தொகை கூடுதல், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதிலும் ஆஸ்பத்திரிச் செலவு இல்லை. கிளப் நடத்தும் சவாரியில் விழுந்தால்தான் செல்லும். நம் ஆட்கள் விழுவதெல்லாம் சாயங்காலம் பட்டணங்காத்தான் பக்கம் மாடு குறுக்கே வரும்போதுதான். எதற்கும் அந்த 20 ரூபாயை முதலில் கட்டிவிடுங்கள்.

பிரெவே ஓட்டுகிறவர்கள் முறை எனக்குப் பிடிக்கும். பாரிஸில் உள்ள ஆடாக்ஸ் கிளப் பாரிசியான் வகுத்த விதிப்படி உலகமெங்கும் நடக்கிற நெடுந்தூரச் சவாரி அது. 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்துக்குள், 300ஐ 20 மணி நேரத்துக்குள், 600ஐ 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஓட்டுகிற சவாரிக்குத்தான் கட்டணம். பின்னால் வண்டி வரவே கூடாது. உதவி வாங்குவதென்றால் குறிப்பிட்ட சோதனை இடங்களில் மட்டும். பஞ்சர் ஆனாலும் பசித்தாலும் உன் பாடு. கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பது புறப்படும் முன்பே தெரியும். எங்கள் கிளப் வருடச் சந்தா வாங்குவதே பின்னால் வண்டி வருவதற்காகத்தான். வண்டியை நிறுத்திவிட்டுச் சந்தாவை ஏற்றினால் இரண்டு முறையிலும் சேராமல் போகிறது.

நான் மேலே சொன்ன, சத்தமில்லாமல் குரூப்பை விட்டுப் போனவர்களில் ஒருவன் பாம்பன் தம்பி. விசைப்படகில் வேலை. பிளஸ் ஒன் படித்தபோது அரசாங்கம் கொடுத்த விலையில்லா சைக்கிளைத்தான் இன்னமும் ஓட்டுகிறான். கியர் கிடையாது, முன்னால் இருந்த கூடையைக் கழற்றிவிட்டான், எதிர்காற்றில் எங்கள் கியர் சைக்கிள்களுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு "வாங்கண்ணே" என்பான். காற்றைப் பற்றி அவன் சொன்னால் நாங்கள் கேட்போம். ஆப் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு நாங்கள் விவாதித்துக்கொண்டிருப்போம், அவன் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "அண்ணே, பத்து மணிக்கு மேல கச்சான் எழும்பும், இப்பவே திரும்பிருவோம்" என்பான். மேற்கிலிருந்து கச்சான் அடித்தால் வீடு திரும்புகிற எங்களுக்கு நேர் முகத்தில்தான். அவன் பேச்சைக் கேட்டுத் திரும்பிய நாட்களில் மண்டபத்தில் உட்கார்ந்து நிதானமாக இட்லி சாப்பிட்டிருக்கிறோம்.

சந்தாவை ஏப்ரல் 30க்குள் கட்ட வேண்டும் என்று அறிவிப்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் கிடக்கும், பங்குக் காசு வராது. அந்த இரண்டு மாதத்துக்குக் குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். கொஞ்ச காலம் முன்பு வரை 5,000தான். அந்த 8,000இலிருந்து 2,400 கட்டச் சொல்கிறோம். ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை யோசிக்காமல் நிதியாண்டு என்று ஏப்ரலைப் பிடித்துத் தொங்குவதற்கு நாம் என்ன வருமான வரி அலுவலகமா?

அவன் போனால் கிளப்புக்கு ஒரு சந்தா நஷ்டம் என்று நோட்டு சொல்லும். நோட்டில் ஏறாதது எனக்குப் பெரிதாகப் படுகிறது. காற்றுத் தெரிந்தவனும் முள் எடுக்கத் தெரிந்தவரும் போய்விட்டால், மிச்சம் இருப்பது ஒரே நிறச் சட்டை போட்ட ஒரு கூட்டம். அதற்கு 2,400 கொடுக்க யாருக்கு மனசு வரும்? ஆள் குறையக் குறையச் செலவைப் பங்கிடத் தலைகள் குறையும், சந்தா மறுபடி ஏறும், இன்னும் நாலு பேர் கழன்றுகொள்வார்கள். அறுபது பேருக்கு மேல் இருந்த கிளப் இப்போது நாற்பதைத் தொடுவதற்கே திணறுகிறது.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்ப் பொருளாளரிடம் கொடுத்தேன். அடிப்படைச் சந்தா 900. அதில் வண்டி, டிரம், அலுவலகம். ஜெர்சியும் விழாவும் வேண்டியவர்கள் தனியாகக் கட்டட்டும். கடைசித் தேதி ஜூலை முடிய. அரசுப் பள்ளிச் சைக்கிளில் வருகிற மாணவர்களிடம் ஒன்றும் வாங்க வேண்டாம்.

மனிதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. "சார், புதுசா சேர்றவங்க எதைப் பார்த்துச் சேர்றாங்கன்னு நினைக்கிறீங்க? ஜெர்சி போட்டு நிக்கிற போட்டோவைப் பார்த்துதான். வண்டியைப் பார்த்து ஒருத்தரும் சேரல. போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை வண்டிக்கு ரெண்டாயிரத்தைநூறு குடுத்தேன். வந்தது ஆறு பேரு. அதுல நீங்க இல்ல." நோட்டைத் திருப்பி அந்தப் பக்கத்தையும் காட்டினார். நான் இல்லைதான்; மச்சினன் வீட்டு விசேஷம்.

ஆள் வராத வண்டிக்கு வாடகை கொடுக்கச் சொல்வது எனக்கும் சரியாகப் படவில்லை. அரை மணி நேரம் பேசினோம். அவர் வீட்டில் சுக்குக் காப்பி நன்றாக இருக்கும், அதனால் பேச்சு நீண்டது. கடைசித் தேதியை ஜூலைக்கு மாற்றுவதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். பொதுக்குழுவில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். மாணவர் விஷயத்துக்கும் சரி என்றார். டிரம்மை அடுத்த வாரமே வைத்துவிடலாம், டேங்கர்காரரிடம் பேசுகிறேன் என்றார். ஜெர்சியைத் தொட முடியாது. திருப்பூருக்கு முன்பணம் போய்விட்டது. அடுத்த வருடம் தனியாகப் பிரிக்கலாமா என்று பார்ப்போம் என்றார். அந்தப் 'பார்ப்போம்' எந்தப் 'பார்ப்போம்' என்று எனக்குத் தெரியவில்லை.

வண்டிக்கு ஒரு நிபந்தனை போட்டார். மாதத்தில் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் யார் யார் வருவார்கள் என்று வியாழக்கிழமைக்குள் பெயர் தர வேண்டும். பதினைந்து பெயர் சேர்ந்தால் வண்டி வரும், வராதவர்களும் பங்கைக் கட்ட வேண்டும். எனக்கு இது பிடித்திருந்தது. நான் 2,400ஐ அங்கேயே ஜிபேயில் அனுப்பிவிட்டேன், ரசீது எழுதிக் கொடுத்தார்.

வருகிற மூன்றாம் ஞாயிறுக்கு இதுவரை பதினொரு பெயர் இருக்கிறது, காக்காவையும் சேர்த்து. பாம்பன் தம்பியிடம் பேசினேன், படகு இல்லாவிட்டால் வருகிறேன் என்றிருக்கிறான், அவனைக் கணக்கில் சேர்க்கவில்லை. ராமநாதபுரம் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் காலை நாலே முக்கால், அரிச்சல்முனை வரை. இன்னும் நாலு பேர் வேண்டும். கிளப்பில் இருப்பவர்கள் வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். முள்வாங்கி கொண்டு வாருங்கள்.